லியோன் அழித்துப்போட்ட பாட்டு

ஆவூர் லியோனைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. கீரனூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கடை மூடிய நேரமெல்லாம் கீபோர்டுதான். அவன் மனைவி மெர்லின் பாடுவாள். நான் கிட்டார். ஞாயிறு மதியம் கந்தர்வக்கோட்டையிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்துவிடுவேன். இந்த மூன்று பேரைத்தான் லியோன் கூச்சமே இல்லாமல் ‘நம்ம பேண்டு’ என்பான்.

ரெக்கார்டிங் அவன் வீட்டுப் படுக்கையறையில். ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, பீரோவைத் திறந்துவைத்து, உள்ளே தொங்கும் சேலைகளைப் பார்த்தபடி மெர்லின் பாட வேண்டும். சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். ஃபேன் கூடாது. வியர்வை ஊற்ற ஊற்ற அவள் பாடுவாள். எனக்கு மனசு அப்படியே உருகும். பல்லவி முடிவதற்குள் லியோன் கையைத் தூக்கிவிடுவான்.

“கோழி கத்திருச்சு. மறுபடி போவோம்.”

சில நாள் பக்கத்து வீட்டுக் குக்கர், சில நாள் மினி பஸ் ஹாரன். பாடியதை அந்த நிமிடமே அழித்துவிடுவான். வைத்திருந்தால் ‘இது போதும்’ என்று மனசு சமாதானமாகிவிடுமாம். திருச்சியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்துதான் இந்தப் பைத்தியம் முற்றியது.

“ஊருக்குள்ள பாடுனா ஊருச் சத்தம் கேக்கத்தான்டா செய்யும். ஒண்ணையாச்சும் விட்டு வையி” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“அவ கொரலுக்கு அது மரியாதை இல்லடா. ஸ்டுடியோவுலதான் பாடணும்” என்றான்.

ஒன்றரை வருடத்தில் இசையை மட்டும் முடித்தோம். ஈஸ்டர் கழிந்ததும் திருச்சிக்குப் போய் மெர்லின் பாடுவதாக ஏற்பாடு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலேயே அவள் கழுத்தில் தைராய்டு கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. ஆள் பிழைத்தாள், குரல் கம்மிப்போனது. இன்று வரும் நாளை வரும் என்று ஒரு வருடம் பார்த்தோம். வரவில்லை. கோயிலில் எல்லோரும் பாடும்போது இப்போது உதட்டை மட்டும் அசைக்கிறாளாம்.

போன மாதம் அவளே கேட்டாள். “ஏங்க, நான் பாடுனது ஏதாச்சும் போடுங்களேன். எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு.”

ஊரார் போனில் அழிந்த போட்டோக்களை மீட்டுத் தருகிற லியோன், மூன்று நாள் கடையைத் திறக்காமல் தன் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினான். ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. நான்கு விநாடி.

மூன்று பேரும் குனிந்து கேட்டோம். பாடுவதற்காக மெர்லின் மூச்சை இழுக்கிறாள். நீளமான, நல்ல மூச்சு. முதல் எழுத்து வாயைவிட்டு வருவதற்குள் லியோனின் குரல் விழுகிறது: “நிறுத்து.”

அவ்வளவுதான். அவனை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

லியோன் தன் குரலை மட்டும் வெட்டி எறிய மவுசை நகர்த்தினான். மெர்லின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க. இதையாச்சும் அழிக்காம வைங்க.”