எல்லைக்கல்லுக்குக் கற்பூரம்

ராகலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் மேட்டில் பழைய எல்லைக்கல் ஒன்று நின்றது. அதற்குக் கீழே தோட்டம், மேலே அரசாங்கக் காடு. கொழுந்து எடுக்கும் பேச்சியம்மாவுக்கு அந்த வழக்கெல்லாம் எதற்கு? தனியாக நின்ற கல்லை அவள் முனியாண்டி என்று கண்டுகொண்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் கும்பிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் சாமியைக் காணோம். அழுதுகொண்டே தேடியவள், காட்டுக்குள் வெகுதூரம் மேலே, மஞ்சள்கூடக் கலையாமல் அது நிற்பதைக் கண்டாள். புதுத் தேயிலை போட நிலம் வேண்டுமென்று ஆள் வைத்துக் கல்லைத் தூக்கியவர் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. சாமிக்குக் கீழே இருக்கப் பிடிக்காமல் ஏறிப்போய்விட்டது என்று அவரே பக்தியோடு விளக்கினார். பேச்சியம்மா ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. கல்லில் அலவாங்கு நெம்பிய தழும்பு தெரிந்தது. அவள் வாயை அடைக்க, கல்லுக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

காட்டை வெட்டித் திருத்தி உருளைக்கிழங்கு போட்டாள். அந்த மண்மேல் அவளுக்கு உயிர். செத்துப்போன புருஷன்மேல்கூட அவ்வளவு ஆசை இருந்ததில்லை என்று அவளே சொல்லுவாள்.

இரண்டு வருஷம் கழித்து, மலை முழுவதையும் அளந்து புதுப் படம் போட ஒரு சர்வேயர் வந்தார். முக்காலிமேல் குழாயை வைத்து ஒற்றைக்கண்ணால் பார்த்தார், சங்கிலி இழுத்தார். பழைய படம் ஒன்று சொன்னது, கல் ஒன்று சொன்னது. கல் நகர்ந்தது உறுதியானால் இடைப்பட்ட நிலம் அரசாங்கத்துக்குப் போகும், பேச்சியம்மாவின் பாத்தியும் சேர்ந்து போகும். பரம்பரையாகக் கும்பிடும் சாமியை யார் நகர்த்துவார்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட கண்டாக்கு, அவளைச் சாட்சிக்கு அழைத்தார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. சர்வேயரின் காலுறைக்குள் அட்டைகள் குடியேறியிருந்தன. அவர் குழாயை மூடிவிட்டு, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் போதும் என்றார். இந்த நாட்டில் பிறந்ததற்குத் தாள் எங்கே என்று கேட்டு அவளுடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளியிருந்த அரசாங்கம், மலையின் எல்லைக்கு அவள் வாய்ச்சொல்லே போதும் என்றது.

பேச்சியம்மா சாமியைப் பார்த்தாள். பொய்ச்சத்தியம், அதுவும் சாமி முன்னாலேயே. பூத்து நின்ற பாத்தியை ஒருமுறை பார்த்தாள். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"எங்கப்பன் காலத்துலருந்து சாமி இந்த எடத்துலதாங்க இருக்கு. இதுக்குக் கீழ அம்புட்டும் தோட்டத்து மண்ணுங்க."

சர்வேயர் படத்தில் எல்லைக்கோட்டை மேலே இழுத்துவிட்டு இறங்கினார். தோட்டத்து மேலாளரான துரை, முனியாண்டிக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கொடுத்தார்.

கிழங்கு முற்றுவதற்குள் பாத்திகளில் தேயிலைக் குழி வெட்ட ஆட்கள் வந்தார்கள். பேச்சியம்மா குறுக்கே விழுந்தாள். இது தனக்குக் கொடுத்த நிலம், தான் திருத்திய மண் என்று கதறினாள். கண்டாக்குக்குக் கோபம்கூட வரவில்லை.

"இது தோட்டத்து மண்ணுன்னு நீதானே சத்தியம் பண்ணுன, பேச்சி? சாமி முன்னால சொன்னத மாத்தலாமா?"

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவளைக் கன்று நடும் வேலைக்குப் போட்டார்கள். அழுதுகொண்டே தன் பாத்தியில் தானே தேயிலை நட்டாள்.