புத்தகம் இல்லாத சாமி

இந்த ஊர் நீதிமன்றத்தில் சாமிகளை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில், தனித்தனித் துணிப்பைகளுக்குள் நாலைந்து புனித நூல்கள். கறுப்பு அங்கி போட்ட பணியாளர் அம்மாள் சாட்சிகள் காத்திருக்கும் அறைக்கு வந்து, டீயா காபியா என்று கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்: "எந்தப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்வீர்கள்? இல்லை, கடவுள் இல்லாத உறுதிமொழி போதுமா?" நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே வழக்கமான தூறல். கண்ணாடியில் நீர் இறங்க இறங்க எதிரே இருந்த கட்டடம் கரைந்துகொண்டிருந்தது. வட இங்கிலாந்தின் இந்த நகரத்துக்கு முதியோர் இல்ல வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். உன் சாமி எது என்று கையில் பேனாவோடு யாரும் வந்து நின்றதில்லை.

நான் அங்கே போனது யூசுப்புக்காக. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் சோமாலியாக்காரர், டாக்சி ஓட்டுகிறவர். சிவப்பு விளக்கில் நிற்காமல் போய் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டார் என்று அவர்மேல் வழக்கு. எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த நான் பார்த்தேன், அவர் பக்கம் பச்சைதான் எரிந்தது. அவருக்கென்று இருந்த சாட்சி நான் ஒருத்திதான். என் பேச்சை நம்பாவிட்டால் டாக்சி உரிமம் போகும், பிள்ளைகளின் சோறும் போகும். அன்று காலை பஸ்ஸில் வரும்போதே அவர் கெஞ்சினார்: "சகோதரி, புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளுக்குப் பயந்தவர்கள் சொன்னால்தான் நம்புவார்கள்."

"இந்து என்றால் கீதைதானே?" என்று உதவிக்கு வந்தார் அங்கிக்கார அம்மாள். அங்கேதான் சிக்கல். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் கீதை இருந்ததே இல்லை. எங்கள் சாமி முனியப்பன். அவருக்கு மீசை உண்டு, அரிவாள் உண்டு, ஊரைச் சுற்றிவரக் குதிரை உண்டு. புத்தகம் மட்டும் கிடையாது. "எங்கள் சாமிக்குப் புத்தகம் இல்லைங்க" என்றேன். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "மன்னிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தையும் வாங்கிவைக்கச் சொல்கிறேன்" என்று குறித்துக்கொண்டார். முனியப்பனைக் கடையில் தேடப் போகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு, எங்கிருந்தோ கற்பூர வாசனையும் வந்தது.

முனியப்பனிடம் சத்தியம் செய்கிற விதமே வேறு. சந்நிதிக்கு முன்னால் கல்லில் கற்பூரம் ஏற்றுவார்கள். "நான் செய்யவில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. நான் பள்ளியில் படித்தபோது பக்கத்துத் தோட்டத்து போர்வெல் மோட்டாரின் காப்பர் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுற்றிலும் காடு கழனி வைத்திருந்தவர்களையெல்லாம் அமாவாசையன்று கோயிலுக்கு வரச் சொன்னார்கள். ஒவ்வொருவராக வந்து அணைத்தார்கள். அணைய அணையப் புதுக் கற்பூரம் ஏற்றினார்கள். அப்பாவின் முறை வந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் எடுக்கலீங்க. சொன்னா சொன்னதுதான். நடுவுல சாமி எதுக்குங்க?"

"மடியில கனமில்லன்னா வழியில என்னப்பா பயம்? அணைச்சுட்டுப் போயேன்" என்றார் ஒயரைப் பறிகொடுத்தவர்.

அப்பா அசையவில்லை. அந்தக் கற்பூரம் தானாக எரிந்து முடியும்வரை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தச் சுடர் இன்றைக்கும் என் கனவில் வரும். எரியும், முடியவே முடியாது. அப்புறம் யாரும் அவரை முகத்துக்கு நேரே திருடன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கொடுமை. மாவு மில்லில் அம்மா போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். மண்டியில் எங்கள் தக்காளிப் பெட்டியை மட்டும் அடிவரை கொட்டிப் பார்ப்பார்கள். ஒயரை எடுத்தவன் கடைசிவரை அகப்படவில்லை. இத்தனைக்கும் அப்பா நாத்திகர் இல்லை. வருஷம் தவறாமல் முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பவர். அதுதான் ஊருக்குப் புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை.

"உறுதிமொழியே போதும்" என்றேன் அந்த அம்மாளிடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூசுப் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாள் ஓர் அட்டையைக் கொடுத்தார். சாமி பெயரே இல்லாத இரண்டு வரி. நம்மூர்க் கோர்ட்டிலும் சட்டப்படி இது உண்டாம். தருமபுரியில் வக்கீலிடம் வேலை பார்க்கும் தோழி பிறகு சொன்னாள். சட்டத்தில் இருந்து என்ன, ஊருக்குள் இல்லையே. அப்பா அன்று கேட்டது இந்த அட்டையைத்தான்.

கூண்டுக்குள் ஏறும்போது, என்னை அறியாமல் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். சாமி வேண்டாம் என்றவள் செய்கிற காரியமா இது! "கால் வலிக்கிறதா? உட்கார்ந்தே பேசலாம்" என்று அம்மாள் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். வேண்டாம் என்று வெறுங்காலோடு நின்றேன். நான் சொல்வது உண்மை, முழு உண்மை என்று அட்டையைப் படித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் மழையைப் பற்றிக் கேட்டார், தூரத்தைப் பற்றிக் கேட்டார், யூசுப் எனக்கு என்ன உறவு என்றும் கேட்டார். என் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்ததைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் யூசுப்பை விடுவித்துவிட்டார்கள். வாசலில் அவர் அழுதார். நானும் அழுதேன், யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

போனில் அம்மா முதலில் கேட்டது, "சாமி மேல சத்தியம் பண்ணிட்டியா பாப்பா?"

"இல்லம்மா. இங்க சாமி பேரு சொல்லாமயும் சாட்சி சொல்லலாம்."

"அப்பனுக்குப் புள்ள தப்பாமப் பொறந்திருக்கு! எதுக்கும் அமாவாசைக்கு நானு ஒரு கற்பூரம் ஏத்திடறேன்."

அப்பா போனை வாங்குகிற ஆளே இல்லை. அன்று வாங்கினார். "ஏம்மா, சாமி இல்லாம சொன்னியே, நம்புனாங்களா?"

"நம்புனாங்கப்பா."

"அப்ப அது நல்ல ஊருதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அமாவாசையன்று அம்மா வீடியோவில் அழைத்தாள். எனக்கு மத்தியானம், அவர்களுக்கு அந்தி. அதே கல்லில் கற்பூரம் எரிந்தது. பின்னால் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், தலை வெளுத்திருந்தது. என் கை தானாக நீண்டு திரையின் மேல் கவிந்தது. சுடர் மறைந்தது, அப்பாவின் முகமும் மறைந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கற்பூரம் தானாக எரிந்து முடியட்டும் என்று அப்பா அங்கேயும் நான் இங்கேயும் பார்த்துக்கொண்டு நின்றோம்.