பூட்டு மாமா கழற்றிய பூட்டு

பல்கலைக்கழகத்தில் கார் நிறுத்துமிடக் காவலாளியான அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பூட்டு மாமா என்றால் நேற்றுச் சேர்ந்த மாணவனுக்கும் தெரியும். நூலகத்துக்கு முன்னால் நிழலாக இருக்கும் இடம் ஆசிரியர்களுக்கு. மாணவர்கள் கார்களை மைதானத்துக்குப் பின்னால் வெயிலில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். நடக்கச் சோம்பல்பட்டு எவனாவது நிழலில் நிறுத்தினால், திரும்பி வரும்போது முன்சக்கரத்தில் மஞ்சள் நிற இரும்புப் பூட்டு தொங்கும். சாயங்காலம் வகுப்புகள் முடிந்த பிறகுதான் அதைக் கழற்றுவார். அதுவரை தலைகீழாக நின்றாலும் சாவி அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வராது.

கெஞ்சல்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரே மாணவனுக்கு ஒரே வருடத்தில் மூன்று தாத்தாக்கள் இறந்துபோனதையும் கேட்டிருக்கிறார். "நாலாவது தாத்தாவுக்கு வேணா பார்க்கலாம் தம்பி" என்று அவனை அனுப்பியதை விடுதியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். துணைவேந்தரின் மருமகன் காரையே பூட்டியவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் அது மருமகனுடைய நண்பனின் கார். அவர் அதைத் திருத்தப் போனதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மகள் அங்கேயே படிக்க வந்தபோது முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "கேட்டுக்கு உள்ள நீ யாரோ நான் யாரோ. என் பொண்ணுன்னு தெரிஞ்சா ஆளாளுக்கு உன்னைத் தூது அனுப்புவாங்க." அவளும் "சரிப்பா" என்றாள். எதிரே வந்தாலும் முகம் கொடுக்காமல் போனாள். சொன்னதைத்தான் செய்தாள். ஆனாலும் போகப் போக அவருக்கு மனசு உறுத்தியது. அப்பாவை இந்தச் சீருடையில் பார்க்க இவளுக்குக் கூச்சமோ? கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று காலை நிழலில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றது. பூட்டினார். சற்று நேரத்தில் ஒல்லியான மாணவன் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை, கையில் ஃபைல்.

"டவுன்ல இன்டர்வியூ சார். சர்டிபிகேட் வாங்கிட்டு வர்றதுக்குத்தான் நிறுத்தினேன்."

"சாயங்காலம் வா."

"போயிட்டு வந்துடறேன் சார். அப்புறம் எத்தனை நாள் வேணா பூட்டி வைங்க."

"சாயங்காலம்னா சாயங்காலம்தான்."

அவன் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து ஓடினான். மாமா டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் வெள்ளைக் காருக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்புக் கார். கொழுப்பைப் பாரு என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் பூட்டினார். நிமிர்ந்தால் எதிரே நான்கு பெண்கள். கடைசியில் நின்றது அவர் மகள்.

காரை ஓட்டி வந்தவள் ஏதேதோ கெஞ்சினாள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. மகள் தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் பிள்ளைக்குத் தோழிகள் முன்னால் அவமானம் என்று நினைத்தார். மண்டியிட்டார், சாவியை எடுத்தார், கழற்றினார்.

"இந்த ஒரு தடவைதான்" என்றார்.

ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை. மூன்று பேரும் அவர் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. வெள்ளைக் காரின் சக்கரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தனியாக நடந்து போனாள்.

சாயங்காலம் அந்த மாணவன் வந்தான். சட்டை கசங்கியிருந்தது.

"என்ன தம்பி ஆச்சு?"

"பஸ் லேட் சார். போறதுக்குள்ள முடிச்சுட்டாங்க." பிறகு அவனே சொன்னான், "என் தப்புதான் சார். அங்க நிறுத்தியிருக்கக் கூடாது."

அவன் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பூட்டைக் கழற்றும்போது சாவி துவாரத்தில் நுழையாமல் படுத்தியது.

வீட்டில் மகள் தட்டுக்கு முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு சங்கடமா இருக்குமேன்னுதாம்மா கழட்டினேன்" என்றார், அவள் கேட்காமலே.

"என்ன சங்கடம்? நீங்கதான் எங்க அப்பான்னு அவங்களுக்கு அப்பவே தெரியும்பா. சேர்ந்த வாரமே சொல்லிட்டேன். யாருக்கும் வளைய மாட்டாருன்னு உங்களைப் பத்திப் பேசுறப்ப எவ்வளவு பெருமையா இருக்கும் தெரியுமா?"

அவர் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"பொண்ணு நின்னா கழட்டிடுவாருன்னு அவங்க சொன்னாங்க. எனக்கும் கழட்ட மாட்டாருன்னு நான் பந்தயம் கட்டினேன். அதுக்காகத்தான் அங்க நிறுத்தினாங்க. நீங்க முடியாதுன்னு சொல்லப்போறதை நினைச்சு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உதட்டைக் கடிச்சு அடக்கிக்கிட்டு நின்னேன்."

பரிமாற வந்த மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தோத்தது பெரிசில்லப்பா. பஸ்ஸுக்கு ஓடினப்ப அந்த வெள்ளைக் கார் அண்ணன் எனக்கு எதிர்லதான் வந்தாரு, இன்டர்வியூவுக்குப் போகணும், காரைப் பூட்டிட்டாங்கன்னு சொல்லிட்டே ஓடினாரு. நாங்க விளையாட்டுக்கு நிறுத்தினோம். எங்களுக்குக் கழட்டிட்டீங்க. அவருக்கு?"

அவர் தலை நிமிரவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று நினைத்தார்.

மறுநாள் காலையில் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்காக வாசலில் நின்றாள். ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

"வாங்கப்பா, சேர்ந்தே போகலாம்" என்றாள். "இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

இத்தனை நாள் அவர் உள்ளுக்குள் ஏங்கியது இதற்குத்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்னால் நடந்தார்.