சூடேறினால் நின்றுபோகும் டைனமோ

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைனமோவுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் ஹெப்சிபா. இளம் வயதில் நூல் மில்லில் வேலை பார்த்தார். மெஷின் ஓடும்போதே அறுந்த நூலை ஒட்டுவதில் கெட்டிக்காரி. அந்த மில்லை மூடியதும் கூட இருந்தவர்கள் வேறு மில் தேடிப் போனார்கள். ஹெப்சிபா ஒரு காயில் கடை வாசலில் போய் நின்றார்.

"நூலைப் பிடிச்ச கைண்ணே. செம்புக் கம்பியையும் பிடிக்கும்" என்று வேலை கேட்டார். சில வருடங்களில் தனிக்கடை போட்டுவிட்டார். முதலில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் பிறகு வேலையோடு வந்தார்கள்.

போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெருந்தேவி மாமி ஒரு பழைய கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எழுபதை நெருங்குகிறவர். அவருடைய அப்பா ஐம்பதுகளில் வாங்கிய கார் அது. ஓட்டும்போது சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு லைட் எரிந்தது. பாட்டரி அடிக்கடி இறங்கியது.

"எல்லாரும் டைனமோவைக் கழட்டிட்டுப் புதுசா ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்றா. நேக்கு மனசு வரலை. நீ பாரேன்" என்றார் மாமி.

ஹெப்சிபா, பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்த டைனமோவைப் பிரித்தார். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்திருந்தன. புதிது போட்டு, உள்ளே சுத்தம் செய்து மாட்டினார். மீட்டர் முள் நன்றாக ஏறியது. மாமி சந்தோஷமாகக் கிளம்பினார். வீடு போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

"மடவார்விளாகம் வரதுக்குள்ளே மறுபடியும் எரிய ஆரம்பிச்சுடுத்தும்மா."

"அப்ப நான் பாத்தது பத்தாது மாமி. நாளைக்குக் கொண்டாங்க."

மறுநாள் கடையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த கணவர் பொன்னுராஜ் எட்டிப் பார்த்தார்.

"ரெகுலேட்டராத்தான் இருக்கும். மாத்திக் குடுத்து அனுப்பு."

"இருக்கும்னு மாத்திட்டு, அது இல்லேன்னா பொறவு எதை மாத்த? நான் மாமி கூடவே வண்டியில போறேன். கடையைச் செத்த நேரம் பாத்துக்கோங்க."

மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பாதி வழி வரை ஒன்றுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது சிவப்பு லைட் மினுக்கியது. பிறகு நின்று எரிந்தது.

"ஓரமா நிறுத்துங்க மாமி. இஞ்சின் ஓடட்டும்."

புளியமர நிழலில் பானட்டைத் தூக்கி, டைனமோவுக்கு வரும் இரண்டு ஒயரையும் கழற்றினார். டைனமோவில் அவை மாட்டியிருந்த இரண்டு முனைகளையும் துண்டுக் கம்பியால் சேர்த்து மீட்டரை வைத்தார். கடையில் சரசரவென்று ஏறிய முள் இப்போது லேசாக அசைந்ததோடு சரி. ஒயரைக் கழற்றியதால், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இப்போது இணைப்பிலேயே இல்லை; இனி அதன் மேல் சந்தேகமில்லை. கோளாறு டைனமோவுக்குள்ளேதான்.

இஞ்சினை அணைத்துவிட்டு, டைனமோவின் உட்சுவரோடு ஒட்டியிருக்கும் ஃபீல்டு காயிலை மீட்டரில் பார்த்தார். கரண்ட் போகிற வழியே இல்லை. அவர் மீட்டர் ஒயரை வைத்த கையை எடுக்கவில்லை. சூடு ஆறும்வரை வெயிலில் குனிந்தபடியே நின்றார். மாமி சேலைத் தலைப்பால் அவருக்கு விசிறினார். டைனமோ ஆற ஆற, செத்துக் கிடந்த முள் துள்ளி எழுந்தது.

"மாட்டிக்கிட்டியா!" ஹெப்சிபா சத்தமாகச் சிரித்தார். "சூடானாப் பிரியுது மாமி, ஆறினா ஒட்டிக்கிடுது. அதான் கடையில வந்து நல்ல பிள்ளையா நின்னுருக்கு."

கடைக்குத் திரும்பிக் காயிலின் மேல் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்தார். கம்பி முனை ஒட்டுப் போட்ட இடத்தில் மயிரிழைக்கு விட்டிருந்தது. பற்றவைத்தாலே ஓடியிருக்கும். ஆனால் பழைய கம்பி முழுக்கக் கறுத்திருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. டைனமோவுக்குள் இருந்த இரண்டு ஃபீல்டு காயிலையும் புதிதாகவே சுற்றி, வார்னிஷ் விட்டுக் காயவைத்து மாட்டினார்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி இருவரும் கிளம்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்தது. லைட் எரியவில்லை. கிருஷ்ணன்கோவிலும் வந்தது.

"திரும்பிடலாமா?" என்றார் மாமி.

"இன்னுங் கொஞ்சம் போங்க மாமி. நல்லா சூடாகட்டும்."

ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு மாமி உற்சாகமாக மிதித்தார். கடைசிவரை அந்தச் சிவப்பு லைட் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது மதுரையிலிருந்தும் பழைய கார்க்காரர்கள் தேடி வருகிறார்கள். எந்த வண்டி வந்தாலும் ஹெப்சிபா ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் மீட்டரோடு முன்சீட்டில் ஏறிக்கொள்கிறார்.

"ஓட்டுங்க, நானும் வாரேன். எங்க வச்சு மக்கர் பண்ணுதுன்னு அதுவே சொல்லட்டும்."