கபாசோவின் கழுத்தளவு

கிட்வே நகரத்துப் பழந்துணிச் சந்தையில் கபாசோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், கபாசோவின் கழுத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. வடக்கே கசாமா பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் வந்து இறங்கிய நாள் முதல் அவனுக்குச் சுமைதான் வேலை. கடல் கடந்து வருகிற துணிக்கட்டுகளை லாரியிலிருந்து இறக்கி, பிடரியில் ஏற்றி, கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவான். காலமெல்லாம் ஏற்றி ஏற்றிக் கழுத்து மரமாகப் பருத்துவிட்டது. சாப்பாடு அந்த அளவுக்குக் கிடைக்காததால் இடுப்பு மட்டும் பையன் இடுப்பாகவே நின்றுபோனது.

கழுத்து பருத்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் அந்தச் சந்தையில் கால்சட்டை வாங்கியதில்லை. போட்டுப் பார்க்க அங்கே மறைவிடம் ஏது? பட்டனை மாட்டி, இடுப்புப் பட்டையைத் தொண்டையில் வைத்து இரண்டு பக்கமும் பின்னால் இழுக்க வேண்டும். பிடரியில் ஓரங்கள் முட்டினால் இடுப்புக்கும் சரி. ஊருக்கெல்லாம் பலித்த இந்தக் கணக்கு கபாசோவுக்கு மட்டும் பலிக்கவில்லை. கழுத்துக்குச் சரியாக வந்ததை வாங்கினால் இடுப்பில் இன்னொருவனைக் குடி வைக்கலாம். பழைய சைக்கிள் டியூபைக் கீறி, கால்சட்டைமேல் பெல்ட்டாக இறுக்கிக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினான். முன்னால் ஒரு கொத்துத் துணி எப்போதும் துருத்திக்கொண்டு நிற்கும்.

கால்சட்டைக் கடை சிசாங்கா இதிலும் லாபம் பார்த்தான். குண்டான புருஷனுக்குத் துணி எடுக்க வருகிற பெண்கள், அவன் கழுத்து கைவசம் இல்லையே என்று தயங்கினால், உடனே குரல் கொடுப்பான்.

"டேய் கபாசோ! அந்தக் கழுத்தைக் கொஞ்சம் கொண்டாடா!"

கபாசோ வந்து குனிந்து நிற்பான். கண்டவர்களும் கால்சட்டையை அவன் கழுத்தில் சுற்றி இழுத்துப் பார்ப்பார்கள். "பாத்தியா அக்கா, இந்த எருமைக்கே எட்டுது, உன் வீட்டுக்காரருக்கு எட்டாதா?" என்பான் சிசாங்கா. சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கபாசோவும் கூடச் சிரித்து வைப்பான். வேறு என்ன செய்வது, நாளைக்குக் கட்டு தூக்கக் கூப்பிட வேண்டுமே.

சந்தை ஓரத்தில் தையல் மெஷின் போட்டிருந்த பெண் ஒருநாள் அவன்மேல் இரக்கப்பட்டு இடுப்பை நாடாவால் அளந்து, "உனக்கு முப்பது, அண்ணே. பட்டைக்கு உள்ளே முப்பதுன்னு போட்டிருக்கறதைப் பாத்து எடு" என்றாள். அவனுக்கு அது வேதவாக்கு. அன்றே சிசாங்காவின் குவியலில் முப்பதைத் தேடினான். முதல் முப்பது தொடைக்கு மேலே ஏறவில்லை. இரண்டாவது முப்பதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. மூன்றாவது முப்பது இடுப்பில் நின்றது, ஆனால் முழங்காலோடு முடிந்துவிட்டது.

"உன்னோட முப்பது எந்த ஊரு முப்பதுடா?" என்றான் சிசாங்கா. "சீனாக்காரன் முப்பதா, ஜெர்மன்காரன் முப்பதா? சொன்னா எடுத்துத் தர்றேன்."

ஒரே எண்ணைப் போட்டு ஆளுக்கொரு விதமாகத் தைத்து அனுப்பிய மகராசர்கள் எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறார்கள். தொடையில் சிக்கிய துணியோடு நடுச்சந்தையில் தத்தித் தத்தி நின்றவன் கபாசோ.

அந்த டியூபைப் பார்த்துச் சிரிக்காதவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். பஸ் நிலையத்தில் மாவு உருண்டை பொரித்து விற்கிற பூபே. புருஷனைப் புதைத்தவள், நல்ல வாய்த்துடுக்கு, சுறுசுறுப்பான கை. கபாசோ தினமும் காலையில் அவளிடம் உருண்டை வாங்கி அங்கேயே நின்று தின்பான். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்.

"எத்தனை நாளுக்கு இப்படி நின்னுக்கிட்டே திம்பே? உக்காந்து தின்ன ஆசை இல்லையா? எங்க வீட்டுக்கு ஆள் அனுப்பு."

கபாசோ பாதி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே சந்தைக்கு ஓடினான்.

பெண் கேட்டுப் போக நல்ல வாயுள்ள ஒரு நடுவன் வேண்டும். தனக்குத் தெரிந்தவர்களில் பெரிய வாய் சிசாங்காவுடையது என்று அவனையே கெஞ்சிக் கூப்பிட்டான் கபாசோ. நரியைக் கூப்பிட்டுக் கோழிக்குக் காவல் வைத்த புத்தி. சிசாங்காவும் தட்டில் பணமும் பாசிமணியும் வைத்து மூடிக்கொண்டு போய் நன்றாகத்தான் பேசிவிட்டு வந்தான். பூபேயின் அத்தை, மாப்பிள்ளையைப் பார்த்த பிறகுதான் தட்டை வாங்குவோம், வாங்கினால் சம்மதம் என்று சொல்லி, சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தாள்.

"ஒரே ஒரு சொல்லுதான் சொன்னா அந்தக் கிழவி," என்றான் சிசாங்கா. "மனுஷனாட்டம் உடுத்திக்கிட்டு வரணுமாம். மூட்டை தூக்கற கோலத்துல வந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவாளாம். பயப்படாதே, புதுக் கட்டு பிரிக்கும்போது உனக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கறேன். மாமியார்க்காரி அன்னிக்கு வீட்ல இருக்க மாட்டா, சொந்தக்காரங்க ஊருக்குப் போறாளாம். நல்லதாப் போச்சு."

நல்லதுதான். முறைப்படி சடங்கு நடக்கிறவரை மாப்பிள்ளை மாமியாரின் கண்ணில் படக்கூடாது. வழியில் எதிர்ப்பட்டால்கூட இறங்கிப் புதருக்குள் போய்விட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் சிசாங்கா ஒரு சாம்பல் நிறக் கால்சட்டையை நீட்டினான். மடிப்புக் கலையாத நல்ல துணி. உள்ளே முப்பது என்று போட்டிருந்தது. கழுத்தில் சுற்றினார்கள், முனைகள் முட்டின. "எண்ணும் சரி, கழுத்தும் சரி, இன்னும் என்னடா சந்தேகம்?" என்றான். எண்ணும் கழுத்தும் ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று கபாசோவுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷத்தில் இருந்தவனுக்கு எது உறைக்கும்? போட்டிருந்த கால்சட்டைக்கு மேலேயே புதியதை ஏற்றிப் பார்த்தான். உள்ளே டியூபும் கொத்துத் துணியும் பருமன் கொடுக்க, அது கச்சிதமாக நின்றது.

வீட்டுக்கு ஓடினான். பழையதைக் கழற்றி, இனி எதற்கு என்று வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுக் குளித்தான். புதியதை மாட்டிக் கையை எடுத்ததும் அது கணுக்காலில் கிடந்தது.

அதற்குள் சிசாங்கா வாசலில் வந்து நின்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டான். கபாசோ டியூபைத் தேடி எடுத்து இடுப்பில் சுற்றப் போனான். உள்ளே வந்த சிசாங்கா அதைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்தான்.

"பொண்ணு பாக்கப் போறியா, பங்ச்சர் ஒட்டப் போறியா? என் மானத்தை வாங்காதே. இந்தா, கோட்டு இரவல் வாங்கிட்டு வந்திருக்கேன். பையில கையை விட்டுப் பிடிச்சுக்க, பெரிய மனுஷனாட்டம் இருக்கும்."

அப்படியே போனார்கள். சிசாங்காவின் கையில் அதே தட்டு. இரவல் கோட்டின் பைக்குள் ஒரு கை, அந்தக் கையில் பையோடு சேர்த்து ஒரு பிடிக் கால்சட்டைத் துணி. வாசலிலேயே அத்தை முகத்தைச் சுளித்தாள்.

"என்ன, மாப்பிள்ளைக்கு வயித்து வலியா?"

"வெட்கம் பெரியம்மா, வெட்கம்," என்றான் சிசாங்கா.

முற்றத்துப் பாயில் மண்டி போட்டதும் கபாசோவுக்கு உயிர் வந்தது. மண்டி போட்டவன் கால்சட்டை எங்கே போய்விடும்? இரண்டு கையையும் குவித்து, தலை குனிந்து, மெதுவாகத் தட்டி வணக்கம் சொன்னான். கசாமாவில் அவன் அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. அத்தையின் முகம் இளகியது. இந்தக் காலத்தில் இப்படித் தட்டத் தெரிந்தவன் யார் என்றாள். ஒரு குவளையில் முன்கோயோ பானம் வந்தது. கதவுக்குப் பின்னால் பூபே யாரிடமோ கிசுகிசுத்துச் சிரிப்பது கேட்டது. தட்டை வாங்கி வைக்கிறோம் என்று அத்தை கையை நீட்டினாள். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் வந்ததே இல்லை.

அப்போதுதான் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு, தலையில் கிழங்குக் கூடையோடு பூபேயின் அம்மா உள்ளே வந்தாள். பஸ் பழுதாகிப் பாதி வழியிலேயே திரும்பியிருந்தாள்.

மரியாதை தெரியாதவனாக இருந்தால் அப்படியே உட்கார்ந்து பிழைத்திருப்பான். கபாசோவுக்கு மரியாதை தெரியும். மாமியார் கண்ணிலிருந்து விலக வேண்டும் என்று துள்ளி எழுந்தான். எழுந்தவன் தலையைக் குனிந்தான், குனிந்தவன் பழக்கத்தில் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினான்.

உள்ளே அவன் போட்டிருந்தது அதே சந்தையில் வாங்கியது, அதுவும் கிழிசல்.

அந்த அம்மாள் கத்தவில்லை. கூடையைக் கீழே போட்டாள், மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள், வந்த வழியே வெளியே போய்விட்டாள். அத்தை தட்டைக் காலால் தள்ளினாள். பாசிமணிகள் முற்றமெல்லாம் உருண்டன. கபாசோ கீழே கிடந்ததை இழுத்து மாட்டிக்கொண்டு சிசாங்காவைப் பார்த்தான், ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று. பெண் கேட்க வந்த நடுவன் பாயில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பஸ் நிலையத்தில் பூபே அவனுக்கு உருண்டை கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

"என் முன்னாடி விழுந்திருந்தா நானும் சிரிச்சிட்டு உன்னையே கட்டியிருப்பேன்," என்றாள். "எங்கம்மா முன்னாடி விழுந்துடுச்சே. அவ உன்னை அப்படிப் பாத்தப்புறம் நீ எப்படி அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வருவே? போ கபாசோ. இனிமே வேற எங்கயாவது வாங்கித் தின்னு."

கபாசோ அந்தக் கால்சட்டையைத் தையல்காரப் பெண்ணிடம் கொண்டுபோனான். அவள் பட்டையை விரித்துப் பார்த்தாள். "இது பிள்ளைத்தாச்சிப் பொம்பளைக்குத் தச்சது, அண்ணே," என்றாள். முப்பது என்பது அதைத் தைத்த ஊரில் எதைக் குறிக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அப்புறம் சந்தையில் அவன் பெயரே முப்பது ஆகிவிட்டது. சிசாங்கா அந்தக் கதையைக் கையைத் தட்டி நடித்துக் காட்டாத நாளில்லை. கபாசோ அவனுக்கும் கட்டு தூக்கினான். கோபம் இல்லாமல் இல்லை. கோபத்தோடுதான் தூக்கினான்.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது பூபே சந்தைக்கு வந்தாள். புருஷனுக்குக் கால்சட்டை எடுக்க வந்திருந்தாள். இப்போதைய புருஷன் இறைச்சிக் கடைக்காரன், நல்ல தொந்தி. குவியலில் புரட்டி ஒரு கருநீலத்தை எடுத்து, உள்ளே எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த எண்ணை எவன் நம்புவான்? அவரும் கூட வரலையே."

சிசாங்காவின் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன தங்கச்சி! டேய் முப்பது, கழுத்தைக் கொண்டாடா!"

கபாசோ வந்தான். பூபே அவனைப் பார்த்தாள், கால்சட்டையைப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள். துணி நல்ல துணி.

"குனி," என்றாள்.

குனிந்தான். அவள் பட்டையை அவன் தொண்டையில் வைத்துச் சுற்றி, பின்னால் போய் இழுத்துச் சேர்த்தாள். அவள் கை அவன்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. எண்ணெய் பட்டுக் காய்த்துப்போன விரல்கள் பிடரியில் ஒரு கணம் அழுந்தின.

"சரியா இருக்கும்," என்றாள் சிசாங்காவிடம். "மடிச்சுக் குடுங்க."

அவள் போனதும் லாரி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். கபாசோ போய்க் குனிந்து நின்றான். அவள் விரல் பட்ட அதே இடத்தில் துணிக்கட்டைத் தூக்கி வைத்தார்கள்.