எண்ணெய் படாத தலை

என் வீட்டுக்காரர் தங்கராஜ் லேசில் வாயைத் திறக்க மாட்டார். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் முப்பத்தாறு வருஷம் ஸ்டோரில் வேலை பார்த்தார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், "எல்லாம் டீக், சரிதான்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் சனிக்கிழமை காலையில் குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் சுடவைத்த நல்லெண்ணெயை அவர் தலையில் அரக்கித் தேய்க்க ஆரம்பித்தால் போதும், மனுஷன் தானாகப் பேசுவார். முதல் குழந்தை தங்காமல் போனபோது ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அந்த வாரச் சனிக்கிழமை என் கைக்குக் கீழேதான் அழுதார். கேட்டதற்கு, "எண்ணெய் கண்ணுல பட்டுடுச்சு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ரிடையர் ஆனதும் முடி வெட்டுவதை நிறுத்தினார். ஒன்றரை வருஷத்தில் தோளைத் தொட்டது. 2005-ல் ஒருநாள் கோரேகாவ் பார்க் பக்கம் போய்வந்து, "ட்ரெட்லாக்ஸ் போட்டுக்கப் போறேன்" என்றார். அங்கே சுற்றும் வெள்ளைக்காரர்கள் தலையில் கயிறு கயிறாகத் தொங்குமே, அந்தச் சடை. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"அறுபது வயசுக்கு மேல என்ன கூத்துங்க இது? நம்ம சாங்வி ஏரியாவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கண்ணாடியில ஒரு தடவையாவது வேற ஆளைப் பாக்கணும்."

வேற ஆளா? அப்படியென்றால் இந்த ஆளோடு முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் யார்?

சலூனில் எழுதிக்கொடுத்த காகிதத்தை வாஷ்பேசின் கண்ணாடியில் ஒட்டினார். ஒரு வாரத்துக்கு எண்ணெய் கூடாது, கண்டிஷனர் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெறும் ஷாம்பூ. வழுவழுப்பு இருந்தால் முடி முறுக்கி நிற்காதாம். சிக்கெடுத்து, நன்றாகக் காயவைத்து வர வேண்டும். சடை போட்ட பிறகும் எண்ணெய் தேய்ப்பது கிடையாது. அந்தக் கடைசி வரியை நாலு தடவை படித்தேன். ஊர் சிரிப்பதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. என் சனிக்கிழமை போகிறதே என்றுதான் வயிறு எரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஞாயிறு, செவ்வாய், வியாழன் மூன்று நாளும் சிரத்தையாக அலசினார். முடி தேங்காய் நார் மாதிரி மொரமொரவென்று நின்றது. சிக்கெடுக்கக்கூட நான் பக்கத்தில் போகவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலை ஆறரைக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நானும் கிண்ணத்தோடு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை; இருவருக்கும் கை கால் பழகிய பழக்கம். உச்சியில் வைத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்ததும், "நாயகி, ஒண்ணு சொல்லணும். ரிடையர் ஆன மறுநாள்..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் கண்ணாடியிலிருந்த காகிதம் என் கண்ணில் பட்டது.

"அடப் பாவமே!" என்று கத்திவிட்டேன். அவரும் காகிதத்தைப் பார்த்தார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

நாலு தடவை ஷாம்பூ போட்டு நானே அலசி, காயவைத்து, கூடவே போனேன். சலூன்காரப் பெண் நஸ்ரின், வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், இங்கே கேம்ப் ஏரியாவில் பிறந்து வளர்ந்தவள். முடியை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், தேல்... எண்ணெய் போட்டீங்களா? வாசம் வருது. இன்னிக்கு ஆகாது."

"என் தப்பும்மா, சனிக்கிழமைப் பழக்கம்," என்றேன்.

"இல்ல, நான்தான் போய் உக்காந்தேன்," என்றார் அவர். பிறகு அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சடை போட்டப்புறம் எண்ணெய் இல்லாம, சும்மா கை வச்சுத் தேச்சு விடலாமா?"

"கை வைக்கலாம் அங்கிள். வாரத்துல ஒரு தடவ வேரை உருட்டி விடணும். வீட்ல யாராச்சும் செய்யணும்."

"இவ செய்வா."

அந்தப் பெண் முன்னாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைத் திறக்காத மனுஷனுக்கு என் வயிற்றெரிச்சல் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாங்க," என்றாள் நஸ்ரின். "சனிக்கிழமைல உங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது."

அந்த வாரம் ஷாம்பூ போட்டதும் சிக்கெடுத்ததும் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலை நிறையச் சடையோடு வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். கிண்ணத்தை அலமாரியில் கவிழ்த்துவிட்டு வந்து, வெறுங்கையை அவர் தலையில் வைத்தேன். நாலு வேரை உருட்டியதும் தானாகப் பேசினார்.

"ரிடையர் ஆன மறுநாள் பழக்க தோஷத்துல டிப்போ கேட் வரைக்கும் போயிட்டேன், நாயகி. காவல்ல புது ஆளு. நீங்க யாருன்னு கேட்டான். என்ன சொல்றதுன்னு தெரியல. அப்படியே திரும்பி வந்துட்டேன்."

என் கை நின்றது. அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்தார்.

"எண்ணெய் கண்ணுல பட்டுடுச்சு," என்றார்.

"தொடச்சுக்குங்க," என்றேன்.