அமாவாசை அன்றைக்குக் களப்பணி

முதுகலை சமூகப்பணிக்குப் புதுப் பாடத்திட்டம் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். தொண்ணூறுகளின் கடைசி. காஞ்சிபுரத்துக் கல்லூரியில் ஆசிரியர்களுக்குள் நான்தான் இளையவள். பழைய பாடத்தில் எடுத்துக்காட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நாயோடு தனியாக வாழும் வெளிநாட்டுக் கிழவர்கள். நம் ஊருக்கென்று ஒன்று எழுதிவிடலாம் என்று எனக்கு ஒரே வேகம்.

ஐயம்பேட்டைக்குக் களப்பணிக்குப் போய்வந்த என் மாணவிதான் சிக்கலைச் சொன்னாள். பல்கலைக்கழகம் வகுத்த நாள் செவ்வாய். அவள் போகிற ஒரு நெசவாளர் வீட்டில் மனைவிக்குக் கன்னம் வீங்கியிருக்கும், வாயே திறக்க மாட்டாள். எப்படித் திறப்பாள்? கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அடித்தவன் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் வாசல்வரை வந்து, "அமாவாசைக்கு வாம்மா. தறி லீவு. அவுரு வெளிய பூடுவாரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அது போதும். களப்பணி நாள் அமாவாசை என்று வரைவில் எழுதினேன். பாடத்திட்டக் குழுவில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பஞ்சாங்கத்தையும் பாடநூல் பட்டியல்ல சேத்துடலாமாம்மா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மற்றதை நிறைவேற்றினார்கள். முகப்பில் 'உள்ளூர்த் தேவைக்கேற்ற பாடத்திட்டம்' என்று அச்சடித்தார்கள்.

அடுத்த அமாவாசை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முதல்நாள் மாணவி வந்து நின்றாள். "மேடம், அந்த அக்கா வரச்சொல்லிக்கினே இருக்குது. நாளைக்குப் போய்ட்டு வரட்டா?"

வகுப்பை விட்டுப் போனால் வருகைப்பதிவு இடிக்கும். மறுபடி சிரிப்பார்களே என்ற பயம் வேறு. "செவ்வாய்க்கிழமை போய்க்கலாம்மா" என்றேன்.

செவ்வாயன்று நானும் கூடப் போனேன். தறியில் அந்த மனைவியின் இடத்தில் புருஷனின் தங்கை உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா எங்களைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"கொழந்தயத் தூக்கிக்கினு எங்கியோ பூடுச்சும்மா. அமாவாச அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் வாசல்லயே குந்திக்கினு இருந்துச்சு. காலேஜிலருந்து வருவாங்க, வருவாங்கன்னு சொல்லிக்கினே இருந்துச்சு."

எங்கெங்கோ விசாரித்தோம். அவள் எங்கே போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பாவம் என்னுடையது, குழுவினுடையது அல்ல.

திரும்பும் பேருந்தில் மாணவி களப்பணி நோட்டை நீட்டினாள். 'சந்தித்தவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். கிழமை என்ற இடத்தில் செவ்வாய் என்று எழுதியிருந்தாள். விதிப்படி அது சரிதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.